இரண்டாவது குழி

'தெற்குப் பக்கம் நாற்பது குழி நிலம் என் மகளுக்கு' என்று அப்பா உயிலில் எழுதிவைத்தார். எந்தக் குழி என்று எழுதவில்லை. உறுவையாறு கிராமத்தில் பிறந்து உறுவையாற்றிலேயே செத்த மனிதருக்குக் குழியில் இரண்டு வகை உண்டென்று யார் போய்ச் சொல்வது? எங்கள் புதுச்சேரிக் குழி இருபத்து நான்கடிக்கு இருபத்து நான்கடி. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எங்களுடையதில் கால் பங்கு.

கடலூரில் கடை வைத்திருக்கும் என் தம்பி, கைபேசியில் நில அளவுச் செயலி ஒன்றைத் திறந்து நாற்பது என்று தட்டினான். அது சொன்ன சதுர அடிக்குக் கல் நட்டான். தங்கையின் நாற்பது குழி பத்தாகிவிட்டது. சர்வேயரை அழைத்து வருகிறேன் என்றேன்.

"அவுங்கல்லாம் உன் ஆபீஸ் ஆளுங்கண்ணே. போனு யாருக்கும் சொந்தக்காரன் கெடையாது" என்றான்.

கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்ததற்கு இப்படியொரு நற்சான்றிதழ். வழக்குப் போட்டால் தீர்ப்பை வாங்க எங்கள் பிள்ளைகள்தான் போகவேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும். செயலியைத் திருத்திவிட்டால் தம்பியும் திருந்துவான் என்று நினைத்தேன்.

அது ஓப்பன் சோர்ஸ் செயலி. யார் வேண்டுமானாலும் பிழை சொல்லலாம் என்று போட்டிருந்தது. பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு என்று முறைப்படி விண்ணப்பம் எழுதி இணையத்தில் ஏற்றினேன். கிடைத்தது என்று உடனே பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து, 'இந்தப் பிழை இன்னும் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி வந்தது. ஒப்புகை கிடைத்த மனுதாரர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கோப்பு கட்டின் அடிக்குப் போய்விடும். எத்தனையோ கோப்புகளை நானே அப்படி அடியில் போட்டிருக்கிறேன். எனவே பேசாமல் இருந்தேன். இரண்டு வாரத்தில், அசைவில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தார் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மாநாடு நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், கோப்பைக் கட்டிக்கொண்டு போனேன். இப்படியொரு மாநாட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. வாசலில் முழுப்பெயர் எழுதச் சொன்னார்கள். முப்பது வருடமும் சுருக்கொப்பத்திலேயே காலம் தள்ளியவன், அன்று இனிஷியலை விரித்து எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பொறுப்பாளர் யார் என்று மூன்று பேரைக் கேட்டேன். மூவரும், எல்லாரும்தான் என்றார்கள். மேடையில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர், இங்கே யாரும் யாருக்கும் அதிகாரி இல்லை என்றார். அரங்கமே கைதட்டியது. எங்கள் அலுவலகமும் அப்படித்தான் நடந்தது. கைதட்டத்தான் ஆள் வரவில்லை.

செயலியில் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கடைசியில் பிடித்தேன். பாகூர்க்காரப் பெண். என் விண்ணப்பத்தைத் திரையில் தேடி எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா சார், பார்வைன்னுலாம் போட்டுகிறீங்க. கேட்டதுக்கு ஒரு 'ஆமா' போடலியே."

"கேட்டது யாரும்மா?"

"யாரும் இல்ல சார். அது ரோபோ. பதில் வரலன்னா தானா மூடிடும்."

முப்பது வருடம் நான் பார்த்த வேலையும் அதுதான் என்றேன். வேடிக்கை என்று நினைத்து மறுபடியும் சிரித்தாள்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. நான் கொண்டுபோயிருந்த பழைய பத்திர நகலில் அடிக்கணக்கைப் படித்தாள். ஏற்கெனவே இருப்பதை மாற்றினால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தப்பாகிவிடும், கீழே இன்னொன்று சேர்க்கலாம் என்றாள். எண்ணை என்னையே தட்டச் சொன்னாள். முதல் பங்களிப்பு என்று அறிவித்தார்கள். அன்றைய இரண்டாவது கைதட்டல் எனக்கு. ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். பேருந்தில் வரும்போதே தங்கையைக் கூப்பிட்டு, காரியம் முடிந்தது என்றேன். எந்தக் காரியத்தையும் முடிவதற்கு முன்னால் முடிந்தது என்று நான் எழுதியதில்லை. அன்று வாயால் சொன்னேன்.

அடுத்த மாதம் புதிய பதிப்பு வந்தது. தங்கையை அழைத்துக்கொண்டு உறுவையாற்றுக்குப் போனேன். தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். கல் நட்ட இடத்திலேயே நின்று அவன் கைபேசியில் செயலியைத் திறக்கச் சொன்னேன். குழி, அதற்குக் கீழே குழி (புதுச்சேரி). தம்பி இரண்டையும் பார்த்தான். பிறகு, என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் தொட்டான். அப்படியொரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் மரியாதைக்காகச் செய்திருக்கிறாள்: புதுச்சேரிக் குழியைச் சேர்த்தவர் என்று என் பெயர், இனிஷியல் விரிந்து, தமிழில், முழுதாக.

தம்பிக்குக் கோபம்கூட வரவில்லை. கைபேசியைத் தங்கையிடம் நீட்டினான்.

"நீயே படி. மேல கீறது ஒரிஜினலு. கீழ கீறது அண்ணன் போயி எழுதிட்டு வந்தது."

அவள் படித்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த முப்பது குழியை ஒரு முறை பார்த்தாள்.

"ஏண்ணே, பேரை இன்னாத்துக்குக் குடுத்த?" என்றாள்.