கப்பல் தளபதிக்கு முகம் வழித்த காலைகள்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் மற்றவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்தேன். முதுகு போனது. கவனித்த முகங்களும் பெரும்பாலும் மறந்துவிட்டன. ஒருவர் மட்டும் இன்னும் மனதில் இருக்கிறார்.

அவர் பிரிட்டிஷ் கடற்படையில் கப்பல் தளபதியாக இருந்தவர். பிரபு குடும்பத்தின் இரண்டாவது மகன். பட்டமும் மாளிகையும் அண்ணனுக்குப் போக, இவரைப் பதினேழு வயதில் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். முதுமையில் பக்கத்து மார்க்கம் நகரில் இருந்த மகளை நம்பிக் கனடா வந்தார்.

"உந்தக் கிழவன்ர அறைக்கு நான் இனிப் போகமாட்டன். நடக்க ஏலாது, ஆனா காலில சப்பாத்து மினுங்க வேணுமாம்," என்று கூட வேலை செய்த அக்கா சொல்ல, அவர் என் பங்குக்கு வந்தார்.

ஒரு காலை அவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். உன் தகப்பன் என்ன வேலை செய்தார் என்று கேட்டார். மன்னாரில் மீன்பிடித்தார், எனக்கு ஒன்பது வயதில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னார்:

"இளம் அதிகாரியாக இருந்தபோது ஒரு மீன்பிடிப் படகின் மேல் கப்பலை ஏற்றிவிட்டேன். விசாரணையில் பனிமூட்டம் என்று சொன்னேன். நம்பினார்கள். உண்மையில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். இரண்டு பேர் இறந்தார்கள்."

என் கையில் சவரக்கத்தி இருந்தது. மிச்சக் கன்னத்தையும் வழித்து, முகத்தைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன். எட்டு மணிக்குள் இன்னும் நான்கு பேரைக் குளிப்பாட்ட வேண்டும். அழவும் நேரமில்லை. அவருடைய அறையை வேறு ஆளிடம் கொடுக்கும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

மூன்றாம் நாள் நடைக்கூடத்தில் அவரைப் பார்த்தேன். தாடி முளைத்து, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டிக் கிடந்தது. வேறு எவருக்கும் அவரோடு மினக்கெட நேரம் இருக்கவில்லை. நானே திரும்ப அவருடைய அறைக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அக்கா.

"தெரியேல்ல அக்கா. பார்க்க ஏலாமல் கிடக்கு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க அது என்னிடம் இருக்கவில்லை. என் தகப்பனின் பெயரை மட்டும் கேட்டார். சொன்னேன். உச்சரிப்புச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இந்த நாட்டில் அந்தப் பெயரை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பனி உருகத் தொடங்கிய வாரம் இறந்துபோனார். பொருட்களை எடுக்க வந்த மகள், "அப்பா கடலைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் சொன்னவர்," என்று சொல்லிவிட்டு, கட்டிலின் விரிப்பை உருவினேன். பின்னேரம் அங்கே புதிய ஆள் வருவதாக இருந்தது.