ஐயம்பெருமாள் சார் பூஜையில் வைத்த சர்ட்டிபிகேட்டுகள்

களக்காட்டில் ஐயம்பெருமாள் பிள்ளை நடத்திய இங்கிலீஷ் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஏழு பேர், அவர்கள் அறையில் நாற்காலி மூன்று. எல்லாரும் உட்கார்ந்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற விசாரம் வரும் என்பது அவர் சாஸ்திரம். எந்த டீச்சரையும் ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் விடமாட்டார். பிள்ளைகளின் தாய்மார் சிநேகமாகிவிட்டால் டீச்சருக்குக் குளிர்விட்டுப் போகுமாம்.

அவருக்கு இங்கிலீஷ் வராது. உரக்கடை வைத்திருந்தவர். மூட்டை அடுக்கத் தெரிந்தவனுக்குப் பிள்ளைகளை அடுக்க எவ்வளவு நேரம் என்று தொடங்கினார். பிள்ளைகள் அடங்கினார்கள். டீச்சர்கள்தான் கல்யாணம், சர்க்கார் வேலை என்று பாதி வருஷத்தில் பறந்தார்கள். அதற்கும் ஒரு வழி கண்டார். சேருகிற அன்றே அசல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். வருஷம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

தொண்ணூற்றாறாம் வருஷம், நவராத்திரி சமயம். மூன்றாம் வகுப்பு முத்துராணி டீச்சருக்கு எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து கார்டு வந்தது. அரசுப் பள்ளி வேலை. விஜயதசமிக்கு மறுநாள் பாளையங்கோட்டையில் அசலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அவள் அப்பா கருத்தையா வாழைக்குலை சுமந்து படிக்க வைத்த படிப்பு அது.

"சார், ஒரே ஒருநாள் தாங்க. காட்டிட்டுக் கொண்டாந்து தந்துருதேன்."

"போன வருசம் இசக்கித்தாய் டீச்சரும் இப்படித்தாம்மா சொன்னா. போனவ போனவதான்."

"அப்ப நான் என்ன சார் செய்ய?"

"மூணாப்புக்கு வாய்ப்பாடு நடத்து. ஏப்ரல்ல பாப்போம்."

அவள் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுததைப் பிள்ளையின் மனைவி நீலாம்பாள் பார்த்துவிட்டாள். 

பிள்ளைக்கும் உள்ளூரப் பயம். பீரோப் பூட்டு மட்டும் போதாது என்று தோன்றியது. சரசுவதி பூஜையன்று ஏழு பேருடைய சர்ட்டிபிகேட் கவர்களையும் எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அம்பாள் படத்துக்கு முன்னால் அடுக்கினார். "தாயே, ஒருத்தியும் போகப்படாது" என்று உருகிக் கும்பிட்டார். சரசுவதியிடம் படிப்புக் கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். வாட்ச்மேன் வேலை பார்க்கச் சொன்னது இவர் ஒருவர்தான்.

பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக்கூடாது. அது வரைக்கும் சரி. மறுநாள் என்ன முறை என்பதை மனுஷன் மறந்தே போனார்.

விஜயதசமி காலையில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் திரண்டிருந்தார்கள். மறுபூஜையில் தீபாராதனை ஆனதும் பிள்ளை கவர்களை அள்ளப் போனார். சுண்டல் தட்டோடு நின்ற நீலாம்பாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அதை நீங்க என்னத்துக்கு எடுக்குதிய? பூஜையில வச்சதை அவங்கவங்க எடுத்து நாலு வரி வாசிக்கணும்லா. வாங்கம்மா டீச்சர்மாரே!"

"வச்சது நான்லா" என்றார் பிள்ளை மெதுவாக.

"அதுல உங்க பேரா எழுதியிருக்கு? எடுத்தாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. அத்தனை பேர் முன்னால் சாமி முறைக்குக் குறுக்கே நின்றால் ஒரு பிள்ளை சேருமா? ஒதுங்கினார்.

ஏழு பேரும் வரிசையாக வந்து, கவரைக் கண்ணில் ஒற்றிப் பிரித்து, நாலு நாலு வரி வாசித்தார்கள். முத்துராணி தன் பெயரையும் அப்பா பெயரையும் வாசிக்கும்போது குரல் உடைந்தது. வாசித்து முடித்ததும் கவர் கைப்பைக்குள் போனது. ஒருத்தியும் திரும்ப வைக்கவில்லை.

"அந்தப் பிள்ள என்னத்துக்கு அழுதா?" என்று கேட்டார் வாழைக்காய் வியாபாரி பலவேசம்.

"கவர்மெண்ட் வேலை வந்திருக்கு, அண்ணாச்சி" என்றாள் நீலாம்பாள்.

"சர்க்காரே கூப்பிடுத அளவுக்கு டீச்சர் வச்சிருக்கீராவே? அப்ப நம்ம பேரன் ரெண்டு பேரையும் எழுதும்!"

பிள்ளைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. படத்தை ஒருதரம் முறைத்தார். அம்பாள் வீணையும் கையுமாக, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவள் போல இருந்தாள்.

முத்துராணி வந்து கும்பிட்டாள். "நல்லா இரும்மா" என்று மனசாரத்தான் சொன்னார். அவள் வாசலைத் தாண்டுமுன் பைய பின்னாலேயே போனார்.

"ஏம்மா, உந் தங்கச்சியும் டிரெய்னிங் முடிச்சிட்டாளாமே?"

"ஆமா சார்."

"நாளைக்கே வரச் சொல்லு. வரும்போது அந்த..."

"ஜெராக்ஸ் கொண்டுட்டு வருவா சார்" என்றாள் முத்துராணி.