அம்சத்தின் வேலி காடான கதை

எங்கே திரும்பினாலும் நெல் வயலாக இருக்கிற நீடாமங்கலம் பக்கத்தில், காடு வளர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர் ஊரைப் பார்த்ததில்லை போல. கூலிப் போராட்டத்துக்குப் போனவள் என்று பண்ணை இடத்திலிருந்து துரத்தப்பட்ட அம்சம், அதற்கு ஆறு வருஷம் முன்பே வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டு, சுற்றிலும் பூவரசங்கொம்பு ஊன்றி வேலி கட்டியிருந்தாள். பூவரசு யாரைக் கேட்டுக்கொண்டு முளைக்கும்? அத்தனையும் தழைத்துவிட்டது.

கன்று நடும் கான்ட்ராக்ட் மிராசுதார் பஞ்சநதத்துக்கு. நட்டதே கொஞ்சம், அதையும் அவருடைய ஆடுகளே தின்று தீர்த்தன. காட்டைப் பார்க்க ஆபீசர் ஜீப்பில் வந்ததும், பஞ்சநதம் அவரை நேரே அம்சத்தின் வேலிக்குக் கூட்டிப் போனார்.

"அடேயப்பா, எல்லாம் பொழச்சிருக்கே! யாரும்மா தண்ணி ஊத்துனது?"

பெருமை யாரை விட்டது? "நான்தாங்க. நாப்பத்தாறும் நான் ஊனுனது. ஒண்ணுகூடப் பட்டுப்போவலைங்க."

ஆபீசர் எழுதிக்கொண்டார். மறுநாளே மரத்துக்கு மரம் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் விழுந்தது.

அம்சம் மனைப்பட்டா கேட்டுப் போனபோதுதான் சேதி தெரிந்தது. "காட்டுக்குள்ள பட்டா கெடையாதும்மா," என்றார் கிளார்க்.

"காடா? அதுல என்னா சார் இருக்கு? ஒரே ஒரு நரி. அதுவும் வேட்டி கட்டிக்கிட்டு, பஞ்சநதம்னு பேரு வச்சிக்கிட்டுத் திரியுது."

கிளார்க் சிரித்துவிட்டார். "வியாழக்கெழம சர்வேயர் வர்றாரு. பாக்குறததான் எழுதுவாரு."

புதன்கிழமை அம்சம் அரிவாளை எடுத்தாள். ஒரு இலை மிச்சமில்லை. நம்பர் மேல் சாணியை அப்பினாள். கழித்த தழையைச் சுமை சுமையாகக் கொண்டுபோய்ப் பஞ்சநதத்தின் வயலில் கொட்டினாள். வயலுக்குத் தழை போடுவது வழக்கம்தானே, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சர்வேயர் மொட்டைக் கொம்புகளைப் பார்த்தார். "காடு எங்கய்யா?"

"இதான் சார்! இவ வெட்டிட்டா!" என்று பஞ்சநதம் குதித்தார்.

"தழதாங்க கழிச்சேன். அய்யா வயல்லதான் கெடக்கு. காட்டுத் தழன்னா, அய்யா வயலுக்கு எப்படிங்க வந்துச்சு?"

காட்டுத் தழை திருடிய கேஸ் தன் மேல் திரும்பும் என்றதும், "வேலிதான் சார்," என்றார் பஞ்சநதம். சர்வேயர் 'வேலி' என்று எழுதினார்.

பட்டா கைக்கு வர மூன்று மாதம். அதுவரை கொம்புகள் சும்மா இருக்குமா? மறுபடி காடாகிவிடக் கூடாதென்று, விடிந்ததும் அம்சம் ஒவ்வொன்றாகத் துளிரைக் கிள்ளிப் போட்டாள். ஊரையே வாயால் அடிக்கிறவள், கிள்ளிய இடத்தைத் தடவிவிட்டுத்தான் அடுத்த கொம்புக்குப் போவாள். கிள்ளிக் கிள்ளியே ஏழு கொம்பு பட்டுப்போயிற்று. ஆபீசரின் பைலில் மட்டும் நாற்பத்தாறும் செழிப்பாக நிற்கின்றன.