இரண்டாவது சாவிக்காரர்

ஊரப்பாக்கத்தில் லாசரஸ் சாரைத் தெரியாதவர்கள் கிடையாது. தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்தியவர். ரிட்டையரான பிறகு காலனிச் சங்கம், சர்ச் கமிட்டி என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பதவி. தனக்கு ஆள்பலம் அதிகம் என்று உள்ளூர ஒரு பெருமை அவருக்கு. அந்தப் பெருமைக்கு ஒரு ஃபாரம் வேட்டு வைத்தது.

மகன் மெர்வினுக்கு மெல்போர்னில் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாசம் போய் இருந்துவிட்டு வர டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் பின்தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள். நம் வீட்டுக்கு ஒரு பந்தோபஸ்து செய்யாமல் விமானம் ஏறமாட்டேன் என்று மனைவி சரோஜினி உட்கார்ந்துவிட்டாள். மெர்வின் அங்கிருந்தபடியே அலாரம் மாட்டவைத்தான். கம்பெனியின் நிபந்தனைதான் தொல்லை. அலாரம் அடித்ததும் போலீஸுக்குச் சொல்ல வேண்டுமென்றால், சாவி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் வேண்டும். வேறு வீட்டுக்காரர்களாக, இருபது நிமிஷத்தில் வந்து சேர்கிறவர்களாக, கூப்பிட்டால் ஃபோனை எடுக்கிறவர்களாக இருக்க வேண்டும்.

முதல் பெயர் பெருங்களத்தூர் மச்சான் ஜெபின். இரண்டாவது பெயருக்கு லாசரஸ் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மேடவாக்கத்து நண்பர் இருபது நிமிஷத்தில் தன் தெருவைத் தாண்டினாலே அதிகம். சர்ச் செயலாளர் ஃபோனை எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். மிச்சம் இருந்தவர் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தோத்தாத்ரி. லாசரஸ் வரவழைத்த தண்ணி லாரி அவர் காம்பவுண்டுச் சுவரை இடித்ததிலிருந்து நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது.

"பேரப்பிள்ளையா, வீம்பான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றாள் சரோஜினி.

ஃபாரத்தையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். தோத்தாத்ரி படித்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பி நீட்டினார்.

"இது எதுக்கு? நீங்க முன்னாடி குடுத்து வெச்ச சாவி என்கிட்டதான் இருக்கு."

"திருப்பிக் குடுத்திருக்கலாமே சார்."

"குடுத்தா பேசணுமே."

நியாயம்தான். தோத்தாத்ரி வீட்டுச் சாவியும் அதே காரணத்துக்காகத்தான் லாசரஸ் வீட்டு ஆணியில் தொங்கியது.

"என் வீட்டுலயும் ரெண்டு வருஷமா அலாரம் இருக்கு. உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்" என்றார் தோத்தாத்ரி.

"என்னைக் கேக்கவே இல்லையே?"

"நமக்குள்ள பேச்சுதான் இல்லையே. மாசாமாசம் அலாரம் கம்பெனிக்காரா உங்களுக்கு டெஸ்ட் கால் பண்ணினா, லோன் வேணாம்னு கட் பண்ணிடறேளாம். எனக்குக் கம்ப்ளெயிண்ட் வரது."

லாசரஸுக்கு வெட்கமாகப் போயிற்று. தன்னை நம்பி ஒரு மனுஷர் இரண்டு வருஷமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார்.

தோத்தாத்ரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "என் ஃபாரத்துல மொதல் பேரு என் தம்பியோடது. போன வருஷம் தவறிட்டான். இப்போ நீங்க ஒருத்தர்தான். மூணு மாசம் போயிட்டேள்னா, நான் யார் பேரை எழுதறது?"

லாசரஸ் யோசித்துப் பார்த்தார். ஒரு பெயரும் வரவில்லை.

"சீக்கிரம் வந்துடறேன் சார்" என்றார்.