இலையைத் திருப்பிப் பார்க்கிறவள்

செடியின் முகத்தை அங்கம்மா பார்ப்பதில்லை. இலையைப் புரட்டி, அடிப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டி, அந்த விரலை வெயிலில் நீட்டிப் பார்க்கிறாள். மடவளையிலிருந்து கீரையும் நாற்றும் தலைச்சுமையாகக் கொண்டுவரும் மஹ்மூத் கூடையை இறக்கிவிட்டுக் காத்து நிற்க வேண்டும். "கீரைக்கும் பொண்ணு பாக்குறீங்களே தங்கச்சி. அதுட வாப்பா, உம்மா யாருண்டும் கேட்டுக்கோங்க" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். "மேல்பக்கம் எல்லாம் நல்லாத்தான் சிரிக்கும், நானா" என்று அண்ணன்முறை வைத்துச் சொல்லி அடுத்த இலையைப் புரட்டுவாள்.

வாங்கிய செடியும் உடனே வீட்டுக்குள் போய்விடாது. வாசலுக்கு வெளியே பலா மரத்தடியில் ஒரு கிழமை, ஏழு நாளும் கிடந்து, வாடாமல், பூச்சி காட்டாமல் இருந்தால்தான் உள்ளே வரும். பாய், கூடை, அவளுடைய மச்சான்முறைக்காரன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த தலையணை, எல்லாவற்றுக்கும் அதே சட்டம். நான் கொடுத்த மல்லிகைப் பதியனையும் அங்கேதான் வைத்தாள். வாடகை வாங்கும் வீட்டுக்காரன் கொடுத்ததாயிற்றே என்ற எண்ணம்கூட இல்லை.

நானும் சந்தேகக்காரன்தான். இல்லாவிட்டால் இந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, மடுல்கெல்ல கோப்பித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து, கங்காணியாகி, இன்று கட்டுகஸ்தோட்டைத் தெருவில் ஓர் அறை வரிசைக்குச் சொந்தக்காரன். அரிச்சுவடியைத் தாண்டாதவன், ஆனால் அந்தச் சுவர்களுக்குக் கல் அடுக்கியது இந்தக் கை. ஈ நுழையச் சந்து கிடையாது. கள்ளனும் வர முடியாது, பனிக்காற்றும் வர முடியாது. கண்டிப் பட்டணத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டவில்லை.

அந்த வரிசையின் கடைசி அறையில் அங்கம்மாவும் அவள் புருஷன் வீரையாவும் குடியிருக்கிறார்கள். இருவரும் மடுல்கெல்லவில் இருந்தவர்கள். கோப்பி இலைக்கு அடியில் மஞ்சள் தூளாக நோய் படிந்து தோட்டம் தோட்டமாக மொட்டையானபோது பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு இறங்கினார்கள். இலையைப் புரட்டும் பழக்கம் அவளுக்கு அங்கே பிடித்தது. இப்போது கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்குகிறாள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் அவள் விரல்தான் வேகம். சொத்தைக் கொட்டை அவள் கண்ணுக்குத் தப்பாது. வீரையாவும் அதே ஸ்டோரில் தோல் புடைத்தவன். தூசி நெஞ்சில் இறங்கி, இளைப்பு வந்து, வீட்டோடு இருக்கிறான். சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்துதான் தூங்குவான். "மனுசன் முதுக நீட்டிப் படுத்து ரெண்டு மழை போயிருச்சுங்க" என்று என்னிடம் அங்கம்மா சொல்லியிருக்கிறாள்.

அவனைப் படுக்க வைப்பதற்காகத்தான் அந்த அறையையே அவள் கொட்டை பொறுக்குவதுபோல் பொறுக்கினாள். முதலில் மெத்தை போயிற்று. கோப்பித் தோல் அடைத்த மெத்தை தோட்டத்து லய அறைகளில் எல்லாரிடமும் உண்டு. சும்மா கிடைக்கிறதே என்று ஆசையாய் அடைத்துக்கொள்வோம், மழைக்காலத்தில் பூசணம் பிடித்தாலும் விடமாட்டோம். அவள் அதைத் தெருவில் போட்டுக் கொளுத்தினாள். குளிருக்குச் சுவரில் தொங்கவிட்ட சாக்குகள் போயின. அடுப்பை வெளியே தாழ்வாரத்துக்குத் தள்ளினாள். தரையைச் சாணமிட்டு மெழுகி, வாசலில் நனைத்த வெட்டிவேரைத் தொங்கவிட்டாள். கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை. வேலியாக ஆடாதோடை. உடைந்த பானை, சட்டி எல்லாவற்றிலும் தூதுவளையும் துளசியும் வெற்றிலையும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். என் சுவர் வெளியே தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியாக, பின்சுவரில் ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொன்னாள். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனால் அவனுக்குச் சுகமாகுமாம். இரண்டு வழி கேட்பவன் கள்ளன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஸ்டோரிலிருந்து திரும்பும்போது அவள் மடி உப்பியிருக்கும். வந்ததும் நேரே சட்டிகளிடம் போய்க் கொட்டி மண்ணைக் கிளறுவாள். பக்கத்து அறை வண்டிக்காரன் லெட்சுமணன்தான் என்னிடம் வந்து ஓதினான். "அந்தச் சட்டியில துளசி முளைக்குதோ, கோப்பி முளைக்குதோ, யாரு கண்டா" என்றான். கோப்பிக் களவு பெருத்துப்போன காலம் இது. எங்கே வாங்கினாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கோப்பி ஒருவன் வீட்டில் அகப்பட்டால் குடியிருப்பவனோடு வீட்டுக்காரனையும் பொலிஸ் இழுக்கும். அகப்பட்டால் அன்றைக்கே இவர்களைத் தெருவில் இறக்குவது என்று முடிவு செய்து, அலவாங்குக் கடப்பாறையை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன்.

அங்கம்மா தடுக்கவில்லை. வீரையாவை வெளியே கொண்டுவந்து பலா மரத்தடியில் உட்கார வைத்தாள். நான் ஒவ்வொரு சட்டியாகக் குத்திப் புரட்டினேன். சாணத்தோடு மக்கிய கோப்பித் தோல், செடிக்கு எரு. ஸ்டோர்க்காரர்கள் ஆற்றில் கொட்டுவதை மடியில் கட்டி வந்திருக்கிறாள். மெத்தையில் ஆகாத தோல் சட்டியில் மட்டும் ஆகுமா என்று கேட்டேன். "மண்ணுக்குள்ள போனா அதோட தூசி பறக்காதுல்லங்க" என்றாள்.

வெற்றிலைச் சட்டியில் ஒரு கொட்டை கிடைத்தது. லெட்சுமணன் எட்டிப் பார்த்து, நான் அப்பவே சொன்னேனே என்று துள்ளினான். வீரையா எழுந்திருக்கப் பார்த்தான். இருமல் அவனை மறுபடி உட்கார வைத்தது. அந்த மூச்சு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அங்கம்மா என் உள்ளங்கையிலிருந்த கொட்டையைப் புரட்டினாள். அடியில் பூச்சி தின்ற துளை. "சொத்தைங்க கங்காணி ஐயா. நான் பொறுக்கி எறிஞ்சது தோலோட வந்திருக்கு. நல்ல கொட்டை ஒண்ணு இருந்தா எடுங்க, நானே பொலிசுக்கு நடந்து வர்றேன்."

சொன்னதை நம்பிவிடுகிறவன் அல்ல நான். உட்கார்ந்து மிச்சச் சட்டிகளையும் கையாலேயே அலசினேன். இன்னும் சில கொட்டைகள் வந்தன. எல்லாம் சொத்தை. லெட்சுமணனுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஞாபகம் வந்துவிட்டது.

அவள் கொட்டிய மண்ணை ஒரு சட்டியில் அள்ளிப் போட்டபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "களவு இல்லன்னு பாத்துட்டீங்க. கடப்பாறையும் கையில இருக்கு. சும்மா கொண்டுபோகவா போறீங்க?"

பட்டணத்தில் என்னிடம் இப்படிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் எந்தக் கல்லை எடுத்தால் சுவர் சரியாது என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பின்சுவரை அவளோ வேறு எவனோ குத்தினால் கூரை தலையில் விழும். ஆகவே நானே குத்தினேன். நான் வைத்த கல் லேசில் வருமா? வெயில் ஏறும்வரை குத்தினேன். முழுசாய் ஒரு முழம் திறந்தது. பின்னால் ஆடாதோடை வேலி, அதற்கப்பால் ஆறு.

வீரையா உள்ளே வந்து, வழக்கம்போலச் சுவரில் சாயப் போனான். அங்கம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். ஓட்டைக்கு முன்னால் போய் முகத்தை வைத்தாள். உள்ளே வந்த காற்றை முகர்ந்தாள், கொஞ்ச நேரம் நின்று மறுபடி முகர்ந்தாள். ஓட்டையின் அடிக்கல்லில் கட்டைவிரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

அப்புறம்தான் பாயை எடுத்து நீளமாக விரித்தாள்.