வாசம் வராத எலும்பு

சேக் அலாவுதீன் ராவுத்தரைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. எழுத வேண்டியவன் நான்தான், அதையும் காலம் கடந்து செய்கிறேன். அரிமளத்தில் அவருக்கு எலும்புக்கடை ராவுத்தர் என்று பெயர். ஊர் எல்லையில் ஓர் ஓலைக் கொட்டகை. காடு கரையில் செத்துக் காய்ந்த மாடுகளின் எலும்பைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி அங்கே கொண்டுவருவார்கள். அவர் கொம்பு, குளம்பு, பல் என்று பிரித்து, லாரியில் ஏற்றி உர மில்லுக்கு அனுப்புவார். அந்த வழியாகப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். கிணற்றடியில் இரண்டு தடவை குளித்த பிறகுதான் அவருடைய மனைவி ஜன்னத் பீவி அவரை வீட்டுக்குள் விடுவார். பள்ளிவாசலில் அவர் எப்போதும் கடைசி வரிசை. யாரும் சொல்லவில்லை, அவராகவே அங்கே போய் நின்றுகொள்வார்.

நான் தேனப்பன். அதே ஊர் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். சமஸ்தானம் இல்லாமல் போன நாற்பத்தெட்டாம் வருஷம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. லீவு நாள் வந்தால் கையில் களைக்கொட்டு, தோளில் பை, ஓடைக்கரை. மனுஷன் பிறப்பதற்கு முந்திய ஏதோ ஒன்று எனக்காகவே மண்ணுக்குள் காத்திருக்கிறது என்ற நினைப்பு.

அந்த நினைப்போடுதான் ஒரு நாள், ஓடை மணலில் அகப்பட்ட கறுத்து வளைந்த கொம்பு ஒன்றை ராவுத்தரிடம் கொண்டுபோனேன். இப்போது உலகத்தில் இல்லாத ஏதோ மிருகத்துடையது என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். அவர் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"எருமை சார். வலது கொம்பு. செத்துப் பத்து வருசம் இருக்கும்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி போனேன். பிறகு கிணறு வெட்டுகிறவர்களும் கண்மாய் தூர்வாருகிறவர்களும் கிடைத்ததையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ராட்சசன் பல் என்று வந்தது குதிரையின் கடைவாய்ப் பல்லாகப் போனது. இலுப்பூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றி ஒரு காண்டாமிருகக் கொம்பைக் கொண்டுவந்தார். மேல் ஓடு கழன்ற மாட்டுக் கொம்பின் உள்கட்டை அது என்று ராவுத்தர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த மனிதர் போன வேகத்தில் பட்டுத்துணியை மறந்துவிட்டுப் போனார்.

கண்ணும் கையும் போதாதபோது அவர் நெருப்பிடம் கேட்பார். எலும்பில் துளி சீவி, கணப்புச் சட்டியின் கங்கில் போடுவார். மயிர் கருகுகிற வாசம் வந்தால் அது புதிய எலும்பு. வரவில்லையென்றால், உள்ளே இருந்த பசையை எல்லாம் மண் தின்று எலும்பு கல்லாகிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. சீவியதில் ஒரு துணுக்கை மட்டும் காகிதத்தில் மடித்து, ஊர்ப்பெயர் எழுதித் தகர டப்பாவில் போட்டுவைப்பார். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் காட்ட வேண்டுமே என்பார்.

பத்து வருஷத்தில் வாசம் வராதவை இரண்டே இரண்டு. சென்னையில் இந்த விஷயம் தெரிந்த, ரிட்டயரான பெரியவர் ஒருவருக்கு அவற்றைத் தபாலில் அனுப்பினேன். இரண்டும் உண்மையிலேயே கல்லானவை என்று எழுதினார். இனி ராவுத்தர் பார்க்காத எதையும் அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். இங்கிலீஷில் இருந்த அந்தக் கடிதத்தை ராவுத்தருக்குத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஊரே மூக்கைப் பொத்திய மனிதருக்கு எங்கோ இருக்கும் ஒருவர் மரியாதை கொடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் அவர் தொடமாட்டார். யாரோ பழைய முதுமக்கள் தாழியிலிருந்து ஒரு மண்டையோட்டுச் சில்லைக் கொண்டுவந்தபோது, துண்டைப் போட்டு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொன்னார். மையித்தின், அதாவது செத்தவரின், எலும்பை உடைப்பது உயிரோடு இருப்பவன் எலும்பை உடைப்பது போன்ற பாவம் என்று அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

ஐம்பத்தேழு ஐப்பசி மழையில் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை சரிந்தது. நான் போய்க் கிளறினேன். செம்மண் கப்பியோடு ஒட்டிக்கொண்டு வெளுப்பும் சாம்பலுமாய் எலும்புத் துண்டுகள். எதுவும் விரல் நீளம் தாண்டவில்லை. இரண்டு மூன்று பல்லின் வேர்கள். கூடவே ஒரு பானை ஓடும் கிடந்தது. மெல்லிய, புதிய, சந்தையில் வாங்குகிற கலயத்தின் ஓடு.

என் அப்பாவை எரித்த மறுநாள், பால் தெளித்து எலும்பு பொறுக்கியவன் நான். அந்த நிறம் எனக்குத் தெரியும். ஒரு நொடி தெரியவும் செய்தது. சென்னையிலிருந்து இன்னொரு கடிதம் வர வேண்டும் என்ற ஆசை அந்த நொடியை விழுங்கிவிட்டது. பானை ஓட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ராவுத்தர் துண்டுகளை வெகுநேரம் புரட்டினார். பிறகு, எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"கூட என்ன சார் இருந்துச்சு?"

"வெறும் செம்மண் கப்பி" என்றேன்.

சீவி கங்கில் போட்டார். வாசம் இல்லை. இன்னொரு துண்டில் சீவினார். இல்லை. அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்ன மிருகம் என்று பிடிபடவில்லை, ஆனால் ரொம்பப் பழசு என்றார். குளித்து, அத்தர் பூசி, என்கூடவே போஸ்ட் ஆபீசுக்கு வந்து பார்சலைத் தன் கையாலேயே நீட்டினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்கு வந்த எலும்பெல்லாம் வெயிலில் காய்ந்தது, அல்லது மண்ணில் கிடந்தது. அவர்கள் சனமோ புதைக்கிற சனம். தீயில் வெந்த எலும்பு எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் அவசியம் அந்த மனிதருக்கு ஆயுசில் வந்ததில்லை. எனக்கு வந்திருந்தது.

சென்னையிலிருந்து பதிலே வரவில்லை. அடுத்த வைகாசியில் ஆவுடையாள் என்ற அம்மாளும் அவள் மகன் நாகராசுவும் என்னைத் தேடி ஸ்கூலுக்கு வந்தார்கள். அவள் புருஷன் சோலையப்பன் செத்து நான்கு வருஷம். மகன் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட், பெர்மிட் என்று இழுத்தடித்ததில் வர முடியவில்லை. பங்காளி மகன் கொள்ளி வைத்தான். எலும்பையாவது பெற்ற மகன் கையால் சேதுக் கடலில் கரைக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்துவிட்டாள். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் கலயத்தோடு கண்மாய்க்கரையில் புதைத்து, மேலே அடையாளக்கல் நட்டுவிட்டுக் காத்திருந்தாள். மகன் வந்தபோது கரை சரிந்து கிடந்தது, தோண்டிப் பார்த்தும் அங்கே ஒன்றுமில்லை. வாத்தியார் கிளறிக்கொண்டிருந்ததை ஆடு மேய்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கேயே காலில் விழுந்திருக்க வேண்டும். நான் அவர்களை ராவுத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பரிசோதித்துச் சொன்னதால்தான் அனுப்பினேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

கொட்டகை வாசலில் ஆவுடையாள் மூக்கைப் பொத்தவில்லை.

"பழங்காலத்து மிருகம்னு சொன்னீங்களாமே. அது எம் புருசனுங்க" என்றாள்.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். பிறகு கணப்புச் சட்டியைப் பார்த்தார். வாசம் வரவில்லையே தாயீ, இரண்டு தடவை போட்டும் வரவில்லையே என்று தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்.

"ஏற்கெனவே வெந்ததுங்கய்யா. இன்னம் என்ன வாசம் வரும்?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ராவுத்தர் அப்படியே எலும்புக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார். மையித்தின் எலும்பைச் சீவி, நெருப்பில் போட்டு, அதற்குச் சிரிக்கவும் செய்திருந்தார்.

அன்றைக்கே கடையை அடைத்துவிட்டு, நான் எழுதிக்கொடுத்த விலாசத்தோடு சென்னைக்கு ரயிலேறினார். ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்தார். பெரியவர் தை மாதமே காலமாகியிருந்தார். வீட்டைக் காலி செய்தவர்கள் பெட்டிகளைக் கொல்லையில் கொட்டியிருந்தார்கள். இரண்டு பகல் அந்தக் குப்பையை விரலால் சலித்ததாகச் சொன்னார். கிளிஞ்சல் கிடைத்தது, குதிரைப் பல் கிடைத்தது. சோலையப்பன் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது தகர டப்பா மட்டும். வல்லத்திராக்கோட்டை என்று எழுதிய காகிதப் பொட்டலத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துணுக்கு. தன் கையால் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து நகர்ந்துகொண்டார். இவ்வளவுதானா என்று நாகராசு கேட்டான். ஆவுடையாள் அவனை அதட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னாள். தனுஷ்கோடியில் அதைக் கடலில் விட்டுவிட்டு, லீவு முடிந்ததால் அவன் அப்படியே கப்பலேறிவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ராவுத்தர் கணப்பு மூட்டவில்லை. கொம்பு கொண்டுவந்தவர்களிடம் எனக்குத் தெரியாது என்பார். குழந்தைகூட எருமைக் கொம்பு என்று சொல்லிவிடக்கூடியதற்கும் அதே பதில்தான். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தப்பு முழுவதும் தன்னுடையது என்றே நம்பினார். அவர் அப்படியே நம்பட்டும் என்று நான் ஐந்து வருஷம் விட்டுவைத்தேன்.

அறுபத்துமூன்றில் அவர் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். ஒரு சாயங்காலம் அந்தப் பானை ஓட்டை எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்லி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பழக்கத்தில் கை தானாகவே எடை பார்த்தது. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"நான் கேட்டேனே சார்" என்றார். "கூட என்ன இருந்துச்சுன்னு கேட்டேனே."

ஓட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாருக்கு டீ போட்டுக் கொடு என்று ஜன்னத் பீவியிடம் சைகை காட்டினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் டீயைக் குடித்தேன்.

நான்காம் நாள் அவரை அடக்கம் செய்தார்கள். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தேன். ஓடு சட்டைப் பையில்தான் இருந்தது.