சட்டைப் பையில் திருநீறு

என் தாய்மாமாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அது ஊரறிந்த விஷயம்தான். ஆனால் அப்பாவின் வழக்கில் எங்கள் பக்கம் அவர்தான் ஒரே சாட்சி என்று ஆனபோது அம்மா பயந்துபோனாள்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சுந்தரபாண்டியம் போகும் வழியில், குறுக்கே ஓடிய மாட்டுக்காக வண்டியை ஒடித்தபோது ஒரு சைக்கிள்காரர் மேல் உரசி, அவருக்குக் கை முறிந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டியதாக வழக்கு. தண்டனை ஆனால் லைசென்ஸும் போகும், வேலையும் போகும். அன்று வேனில் கூட உட்கார்ந்திருந்தவர் மாமா.

“ஒரே ஒரு தடவ சாமி பேரச் சொல்லிச் சத்தியம் பண்ணுலே. இல்லாட்டி ஜட்ஜய்யா ஒன் பேச்ச நம்ப மாட்டாக” என்று அம்மா கெஞ்சினாள். மாமா மசியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தேசப்பிதாவும் முதல் பிரதமரும் அருகருகே உட்கார்ந்து சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. அம்மா அதில் தேசப்பிதாவைக் கைகாட்டினாள்.

“அம்புட்டுப் பெரிய மனுசரு, அவியளே தெனமும் பஜனை பாடுனாக.”

“பக்கத்துல இருக்கவிய பாடலையேக்கா. அதுக்காக அவியள விரட்டியா விட்டாக?”

எங்கள் வக்கீலும் மாமா பக்கமே சாய்ந்தார். அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களில் கும்பிடுகிறவர்களும் உண்டு, கும்பிடாதவர்களும் உண்டு. அதனால் மந்திரி பதவி ஏற்கவே கடவுள் பேரால் ஒன்று, உளமார ஒன்று என்று இரண்டு வழி வைத்திருக்கிறார்கள், சாட்சிக்கும் அப்படித்தான் என்றார்.

“எழுதுனவிய எழுதிட்டாக. நம்ம ஜட்ஜய்யா கும்பிடுறவரா, கும்பிடாதவரா?” என்று கேட்டாள் அம்மா.

சாட்சி சொல்லும் நாளன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், அம்மா நேரே மடவார் வளாகம் கோயிலுக்குப் போய் வைத்தியநாத சுவாமியிடம் முறையிட்டாள். பிறகு கோர்ட்டு வராந்தாவில், தூசி தட்டிவிடுவதுபோல மாமாவின் சட்டைப் பையில் ஒரு திருநீற்றுப் பொட்டலத்தைப் போட்டாள். தம்பி கூப்பிடாவிட்டால் என்ன, சாமி கூடவே போகட்டும் என்று கணக்கு.

மாமா கூண்டில் ஏறி, உளமார உறுதி கூறுவதாகச் சொன்னார். ஜட்ஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாவம், அது நிலைக்கவில்லை. வியர்வை துடைக்க மாமா பையிலிருந்து கைக்குட்டையை இழுக்க, பொட்டலமும் சேர்ந்து வந்து விழுந்து சிதறியது.

அரசு வக்கீல் விடுவாரா? “சாமி இல்லைங்கீரு, பையில திருநீறு. இதுல எது பொய்?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவை அப்படியே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டும் பொய்யில்ல, ஐயா. எங்கக்கா எனக்குத் தெரியாம வச்சிருப்பாக. திருநீறு அவுக நம்பிக்க. எனக்கு அது கெடையாது. நான் கண்ணால பாத்ததச் சொல்ல வந்திருக்கேன்.”

ஜட்ஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சொல்லச் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் அப்பாவுக்கு விடுதலை. எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா, “எல்லாம் அந்தத் திருநீறு பண்ணுன வேல” என்று சத்தமாகவே சொன்னாள். மாமா மறுத்துப் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏன் மாமா, சாமி பேரச் சும்மா சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா? ஒங்களத்தான் சாமி கண்ணக் குத்தாதே.”

“அதனாலதான் சொல்லல, மருமகளே” என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணைக் குத்த ஆளே இல்லை என்று நினைக்கிற மனிதரும் பொய் வராமல் தன் வாயைக் காத்துக்கொள்வார் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று.